அந்த அக்காவுக்கு யார் பொன்னாடை போர்த்துவது?

உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன், கல்யாண நாள் கொண்டாடும் சித்தப்பா, வார்டு கிரிக்கெட் போட்டியில் கோப்பை வாங்கிய அணி. எல்லாம் சரிதான், வாழ்த்த வேண்டியவர்கள்தான். ஆனால் உங்கள் தெருவில் மாதம் தவறாமல் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு மூன்று மாடி ஏறி இறங்கும் ஓர் அக்கா இருப்பாரே, அவர் எப்போதாவது அந்த ஸ்டேட்டஸில் வந்திருக்கிறாரா?

அதே போல, பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து கீரைக்காரரிடம் பேரம் பேசும் தாத்தா? அவர் எடுத்து வைக்கும் அந்த இருபது அடி ஒரு சாதனை இல்லையா?

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், நீண்ட கால நோயாளிகள் ஆகியோருக்கான பராமரிப்புச் சேவைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவது குறை சொல்லும்போதுதான். குறை சொல்வது நம் உரிமை, அதை விட வேண்டாம். ஆனால் நன்றாக நடந்ததை அடையாளம் காண்பதும் அதை முறையாகப் பதிவு செய்வதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேலைதான். தாம்பரத்தையும் தென்சென்னைப் புறநகரையும் வைத்து அதை இந்த இதழில் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

சித்தாலப்பாக்கத்தில் ஒரு மருந்துப் பெட்டகம்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அடுத்த ஏழு மாதம் முடிவதற்குள் ஐம்பது லட்சமாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம்ம சித்தாலப்பாக்கத்தில், 2022 பிப்ரவரி 23 அன்று. ஒரு கோடியாவது பயனாளி அதே ஆண்டு டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில். இரண்டு கோடியாவது பயனாளி 2024 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவைக் கூட்டத்தின்போது, தொற்றா நோய்களைத் தடுப்பதற்கான ஐ.நா. முகமைகளின் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது அறிவித்தது.

சரி, திட்டத்துக்கு விருது கிடைத்தது. திட்டம் என்பது யார்?

45 வயதைக் கடந்தவர்களுக்கும், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பது, நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளைச் சேர்ப்பது. இவ்வளவையும் செய்வது ஆட்கள்தான். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், செவிலியர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள், கிராமமாக இருந்தால் இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள். அதில் பலர் நம்மைப் போலவே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காலையில் சமைத்து வைத்துவிட்டு வெயிலில் இறங்குபவர்கள்.

அவர்களில் ஒருவரிடம் நான் கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு என்ன பாராட்டு வேணும்?" ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார்: "அப்பார்ட்மென்ட் கேட்டுல எங்களை நிக்க வைக்காம இருந்தா போதும் தம்பி. லிஃப்ட்ல போக விட்டா ரொம்ப சந்தோஷம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சில குடியிருப்புகளில் வேலை செய்ய வருபவர்களுக்கு லிஃப்ட் கிடையாதாம். நான்காவது மாடியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு மாத்திரை கொண்டு வருபவர் படியில் ஏறி வர வேண்டும்! உங்கள் குடியிருப்பில் இந்த வழக்கம் இருந்தால், பொன்னாடைக்கு முன்னால் அதை மாற்றுங்கள். பாராட்டின் முதல் படி அதுதான் என்பது என் கருத்து.

நடக்காமல் போனதுதான் சாதனை

மற்ற வேலைகளில் சாதனை கண்ணுக்குத் தெரியும். பாலம் கட்டினால் பாலம் நிற்கும். பராமரிப்பு வேலையில் பாதி சாதனை, நடக்காமல் போன விஷயங்கள். கீழே விழவில்லை. படுக்கைப்புண் வரவில்லை. மாத்திரை விட்டுப்போகவில்லை. மூச்சுக்குழாயில் சாப்பாடு போகவில்லை. நடக்காத ஒன்றை யார் போட்டோ எடுப்பார்கள்?

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருவரை சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் 12 முறை. இரவு 2 மணிக்கும் ஒரு முறை, 4 மணிக்கும் ஒரு முறை. ஆறு மாதம் ஒருவரைப் புண் இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்றால், அந்த ஆள் இரண்டாயிரம் தடவைக்கு மேல் எழுந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். செம்பாக்கத்தில் இருக்கும் என் பாட்டிக்கு மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் வேலை செய்யவில்லை. பேச்சு குழறியது. முதல் மாதம் அம்மாவும் சித்தியும் மாறி மாறி விழித்திருந்தார்கள். பிறகு வாரம் தோறும் ஓர் இயன்முறை சிகிச்சையாளர் வர ஆரம்பித்தார், சின்னப் பெண். பாட்டி அவரை "டாக்டர் பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்த முதல் நாள் உடற்பயிற்சி எதுவும் சொல்லித் தரவில்லை. பாட்டியின் சமையலறையைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், "பாட்டி, உங்களுக்கு முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார். பாட்டி குழறிக் குழறிச் சொன்னது: "நானே போய்க் கழுவிக்கணும்."

அப்புறம் நடந்ததெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி வைத்தோம். படுக்கையிலிருந்து உட்கார ஐந்து வாரம். நாற்காலிக்கு மாற இன்னும் ஆறு வாரம். எட்டாவது மாதத்தில் பாட்டி தனியாகக் கழிப்பறைக்குப் போய் வந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வராததால் எல்லோரும் பதறிப்போய் நின்றோம். வெளியே வந்து, "ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

இங்கே சாதித்தது யார்? பணியாளரா, பாட்டியா? இரண்டு பேருமே. நம்ம ஊர்ப் பாராட்டு விழாக்களில் இரண்டாமவரை எப்போதும் மறந்துவிடுகிறோம். மேடையில் சேவை செய்தவர் நிற்பார். சேவை பெற்றவர் கீழே, "பயனாளிகள்" என்று எழுதிய வரிசையில் உட்கார்ந்திருப்பார். நடக்கப் பழகியவர் அவர்தானே? வலியைத் தாங்கியவரும் அவர்தானே?

சானடோரியம் சொல்லித் தரும் வரலாறு

மின்சார ரயிலில் தினமும் தாண்டிப் போகிறோமே, தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன். அந்தப் பெயர் 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் சிகிச்சை இல்லம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். 1937இல் அரசு இந்த மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. காசநோய்க்கு மாத்திரை கண்டுபிடிக்கப்படாத காலத்தில் அதுதான் மருந்து. அதாவது, சிகிச்சையின் பெரும்பகுதி பராமரிப்பாகவே இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் நடந்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த சில வருடங்களில் பல மருத்துவமனைகள் இந்த நோயாளிகளைத் தொடவே பயந்தன. தாம்பரம் மருத்துவமனை 1990களில் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆந்திரம், கர்நாடகம் என்று வெளி மாநிலங்களிலிருந்தும் ரயில் ஏறி இங்கே வந்தார்கள். நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றாக இது ஆனது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அதில் தாம்பரமும் ஒன்று.

அந்த வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஆய்வகத்தில் இருந்தவர்களும் வீட்டுக்குப் போனால் "அங்கயா வேலை செய்றே?" என்ற கேள்வியைச் சந்தித்தவர்கள். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இன்னொரு பக்கம், நோயோடு வாழ்ந்தவர்களே எழுந்து நின்றார்கள். எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் இந்திய அளவிலான கூட்டமைப்பு 1997இல் சென்னையில் உருவானது. அடுத்த வருடமே, கணவர் மூலம் தொற்று வந்த நாமக்கல் பகுதிப் பெண்ணான கௌசல்யா பெரியசாமி, வேறு சில பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல், பெயரை மாற்றாமல் பேசிய முதல் சில பெண்களில் அவர் ஒருவர். மருந்து எப்படிச் சாப்பிடுவது, வீட்டில் எப்படிச் சொல்வது, குழந்தைக்குத் தொற்று வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று, புதிதாக வந்து பயந்து உட்கார்ந்திருப்பவருக்கு, அதே பயத்தைக் கடந்து வந்த ஒருவர் சொல்லும்போது வரும் தைரியம் தனி. சிகிச்சை பெற வந்தவர்களே ஆலோசகர்களாக மாறினார்கள்.

"சேவை பெறுபவர்" என்ற சொல்லைக் கேட்டதும், கையை நீட்டி வாங்கிக்கொள்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரத்தின் கதையில் அவர்கள் கொடுத்தவர்களும்கூட.

போட்டோ போடுவதற்கு முன்

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பாட்டி முதல் முறை வாக்கரைப் பிடித்து நடந்த அன்று, சந்தோஷத்தில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். "எங்க வீட்டுச் சிங்கம்" என்று தலைப்பு வேறு. நாற்பது பேர் இதயம் அனுப்பினார்கள். அடுத்த நாள் பாட்டியின் தங்கை போன் பண்ணி, "என்னடி இப்படி ஆயிட்டே, நைட்டியோட நடக்குறே, பார்க்கவே மனசு தாங்கல" என்று அழுதிருக்கிறார். பாட்டி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன் தலை கலைஞ்சிருந்தா உன் போட்டோவைப் போடுவியா?"

பதில் இல்லை என்னிடம்.

அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒருவரைப் பாராட்டுவதற்காகப் படம் எடுத்தாலும் அவரிடம் கேட்க வேண்டும். கேட்பது என்றால், "போட்டோ எடுத்துக்கவா?" என்ற கேள்வி மட்டும் போதாது. எங்கே போடப்போகிறோம், யார் யார் பார்ப்பார்கள், பெயர் போடுவோமா, நோயின் பெயரைச் சொல்வோமா, பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோமா. இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்த படத்தை அவரிடமே காட்ட வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவராக இருந்தாலும் முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு குடும்பத்தாரிடம். காது கேளாதவர் என்றால் எழுதியோ சைகையிலோ கேளுங்கள். கூட வந்தவரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள்.

சில விஷயங்களில் இது மரியாதையோடு முடிவதில்லை, சட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், பொது இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. பாராட்டுப் பதிவு போடுகிறவர் யாரும் இழிவுபடுத்த நினைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் "இந்த நிலையிலும்", "பாவம்", "இவரே செய்யும்போது நமக்கு என்ன" என்ற மாதிரி வரிகளை எழுதும் முன், அவர் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பாருங்கள்.

விருதுக்கு எழுதுவது எப்படி

தமிழ்நாடு அரசு இந்தத் துறையில் பணியாற்றுபவர்களுக்கும் சாதித்தவர்களுக்கும் விருதுகள் வழங்குகிறது. ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்த சிறந்த மருத்துவர், சமூகப் பணியாளர், தொண்டு நிறுவனம், அதிக மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்த நிறுவனம் போன்ற பிரிவுகள் உண்டு. டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி, சிறந்த மாற்றுத்திறனாளிப் பணியாளர், சுயதொழில் புரிபவர், சிறப்பு ஆசிரியர் போன்றவர்களுக்கு மாநில விருதுகள் வழங்கப்படுகின்றன. தங்கப் பதக்கமும் சான்றிதழும் கிடைக்கும். ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்தில் சிறந்த திருநங்கை விருது. மார்ச் 8இல் ஔவையார் விருது.

அறிவிப்பு வந்ததும் அரசின் விருதுகள் இணையதளத்தில் போன் மூலமாகவே விண்ணப்பிக்கலாம். முகவரி அவார்ட்ஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். பிரிவுகளும் கடைசித் தேதியும் ஒவ்வொரு வருடமும் அறிவிப்பில் வரும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். மாவட்ட அளவில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுக வேண்டும். இங்கேதான் நம்ம பகுதிக்காரர்கள் குழம்புவார்கள். தாம்பரம் மாநகராட்சி, அதாவது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்கள் 2018 முதல் சென்னை மாவட்டம். பின்கோடு 600இல் தொடங்குகிறது என்பதற்காக எல்லோரும் சென்னை ஆகிவிட முடியாது. மனுவைத் தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் செங்கல்பட்டுக்கு ஓட வேண்டாம்.

இப்போது முக்கியமான பாடம். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறோம்:

"இவர் கடந்த பத்து ஆண்டுகளாகத் தன்னலமற்ற சேவை புரிந்து, ஏழை எளியோரின் வாழ்வில் ஒளியேற்றி வருகிறார்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு தேர்வுக் குழு என்ன செய்யும்? வந்திருக்கும் எல்லா விண்ணப்பங்களிலும் இதே ஒளிதான் ஏற்றப்பட்டிருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"இவர் எங்கள் பகுதியில் படுக்கையில் உள்ள 14 பேரை வாரம் ஒரு முறை வீட்டில் சென்று பார்க்கிறார். என் அப்பா 2023 ஜூனில் எழுந்து உட்கார முடியாத நிலையில் இருந்தார். இவர் பயிற்சி கொடுத்ததோடு, அதே பயிற்சியை என் அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024 பொங்கலுக்கு அப்பா தன் கையால் சாப்பிட்டார். மழையில் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்ற வாரத்தில் நேரில் வர முடியாமல் தினமும் வீடியோ அழைப்பில் பேசினார்."

வித்தியாசம் புரிகிறதா? இரண்டாவதில் எண்ணிக்கை இருக்கிறது, தேதி இருக்கிறது, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்பது இருக்கிறது. பணியாளர் கூடுதலாகச் செய்த ஒன்று இருக்கிறது. சரிபார்க்க முடியும். நோயாளியின் நோட்டுப் புத்தகம், மருந்து அட்டை, சிகிச்சைக் குறிப்பு ஏதாவது இருந்தால் படம் எடுத்து இணைக்கலாம். சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொண்டால் மட்டும். அவருக்குத் தெரியாமலே அவர் பெயரில் விண்ணப்பம் போட்டு "சர்ப்ரைஸ்" கொடுக்க நினைக்காதீர்கள். பணியாளருக்கும் தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய முறை இருக்கிறது.

சாதித்த மாற்றுத்திறனாளிக்காக எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். குறைபாட்டைப் பற்றி அரைப் பக்கமும் சாதனையைப் பற்றி இரண்டு வரியும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதைத் தலைகீழாக்குங்கள். குறைபாட்டின் விவரம் அவருடைய தனித்துவ அடையாள அட்டையில் இருக்கிறது. அவர் தையல் கடை வைத்து எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறார், எந்த வருடம் கடன் வாங்கி எந்த வருடம் அடைத்தார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும், மகளுக்கும், வேலையை விட்டுவிட்ட மகனுக்கும் இந்த விருதுப் பிரிவுகளில் பெரிதாக இடம் இல்லை. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ரூ.1,000 உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் தொகை வேறு, பாராட்டு வேறு. அந்தப் பாராட்டை அரசுக்கு முன்னால் குடும்பமே செய்ய முடியும். எங்கள் வீட்டில் என் அம்மாவைப் பார்த்து "நல்லா பார்த்துக்கிட்டே" என்று யாராவது சொல்ல ஒன்றரை வருடம் ஆனது. சொன்னவரும் வெளியாள்தான், அந்த டாக்டர் பொண்ணு.

தெருவில் ஒரு சின்ன விழா

மாநில விருது எல்லோருக்கும் கிடைக்காது. உங்கள் குடியிருப்போர் நலச் சங்கமே ஒரு விழா நடத்தலாம். அக்டோபர் 1 முதியோர் தினம், மே 12 செவிலியர் தினம், செப்டம்பர் 8 இயன்முறை சிகிச்சை தினம்; இல்லாவிட்டால் எப்படியும் கொடியேற்றும் ஜனவரி 26. நடத்துவதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

முதலாவது, பராமரிப்பவரை அழைத்தால் அந்த இரண்டு மணி நேரம் அவருடைய நோயாளியை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதை யோசிக்காமல் அழைப்பிதழ் கொடுத்தால், "வர முடியலைங்க" என்ற பதில்தான் வரும். சங்கத்தில் ஒருவர் போய் அந்த வீட்டில் உட்காருங்கள். கழிப்பறைக்கு அழைத்துப் போகத் தெரிந்தவராக இருக்கட்டும். இதுவே பெரிய பரிசு, நம்புங்கள்.

அடுத்து மேடை. சக்கர நாற்காலியில் வருபவரை நான்கு பேர் தூக்கி மேடையில் ஏற்றுவது மரியாதை கிடையாது. சாய்தளம் இல்லையென்றால் மேடையே வேண்டாம், எல்லோரும் தரையிலேயே உட்காருங்கள். மைக் உயரம் குறைக்க முடிகிற மாதிரி இருக்கட்டும். பேசுவதற்கு அவருக்கும் நேரம் கொடுங்கள். பேச்சு குழறுகிறவர் என்றால் இன்னும் கூடுதல் நேரம். அதற்காகச் சிறப்பு விருந்தினர்களில் இரண்டு பேரைக் குறைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் (கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை).

பரிசாக எவர்சில்வர் தட்டு, சுவர்க் கடிகாரம் வேண்டவே வேண்டாம். பை, குடை, நல்ல செருப்பு, தண்ணீர் பாட்டில் ஆகியவை தினமும் நடப்பவருக்கு உதவும். கூடவே, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். என்ன செய்தார், எப்போது செய்தார் என்று எழுதி அதன் நகலை அவர் வேலை செய்யும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் கொடுங்கள். சான்றிதழ் அலமாரிக்குள் போய்விடும்; இந்தக் கடிதம் பணிக் கோப்பில் சேர வாய்ப்பு இருக்கிறது.

மேடையிலிருந்து மன்றத்துக்கு

கௌரவித்துவிட்டு அனுப்பிவிடுவதோடு முடியாத ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில், நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிப்பதற்கான சட்டத் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டு நிறைவேறின. நகர்ப்புற உள்ளாட்சிகளில் சுமார் 650 பேருக்கும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேருக்கும் இதன் மூலம் வாய்ப்பு என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 70 வார்டுகள் கொண்ட நம் தாம்பரம் மாநகராட்சியும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. நடைபாதை உயரம், சாய்தளம், பூங்காக் கழிப்பறை என்று இதுவரை மனுவாக எழுதியதை இனி மன்றத்துக்குள்ளேயே எழுந்து கேட்கலாம்.

சேவைகளும் நம் பக்கம் நெருங்கி வந்திருக்கின்றன. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் விழுதுகள் ஒருங்கிணைந்த சேவை மையம் சோழிங்கநல்லூரில் இயங்குகிறது. இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கான தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்கே ரேஷன் பொருள் கொண்டு வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12 முதல். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த இரண்டு எண்களையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள், பிறகு மறந்துவிடும்.

பாட்டி கதைக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு ஒரு போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. எங்கே போடுவாய் என்று கேட்டார், சொன்னேன். மயில் கழுத்து நிறப் புடவையைக் கட்டிவிடச் சொன்னார், தலை வாரச் சொன்னார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த டாக்டர் பொண்ணு வரட்டும், அதையும் சேர்த்து எடு" என்றார். அவர் வருவது வியாழக்கிழமை. அன்று திங்கள். மூன்று நாள் காத்திருந்து எடுத்தோம். பாட்டி, டாக்டர் பொண்ணு, அம்மா, மூவரும் வாசலில். அம்மா முதலில் நிற்க மாட்டேன் என்றார். பாட்டி இடது கையால் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். படத்தில் அந்தக் கை தெரிகிறது.